இரண்டு மூச்சு இழுத்துவிட்டுக் கொடு

நீச்சல் குளத்தின் தரையில் என் அண்ணன் முழங்காலிட்டிருந்தான். முதுகில் காற்றுச் சிலிண்டர், முகத்தில் பெரிய கண்ணாடி, இடுப்பில் ஈயக் கட்டிகள் கோத்த பெல்ட். அவனுக்கு எதிரே அதே கோலத்தில் நான். என் வாயில் இருந்த குழாயை எடுத்து அவனிடம் நீட்டினேன். அவன் அதை வாங்கித் தன் வாயில் வைத்து, இரண்டு மூச்சு இழுத்துவிட்டு, என்னிடமே திருப்பித் தர வேண்டும். பாடம் அவ்வளவுதான்.

வாங்கினான். தலையை நன்றாக அண்ணாந்தான். குழாயை உதட்டிலிருந்து ஒரு சாண் உயரத்தில் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தான்.

வீட்டில் மங்குக் குவளைத் தண்ணீரை உதட்டில் படாமல் குடிப்பானே, அதே லாவகம். ஆனால் தண்ணீர் கீழே விழும், காற்று மேலே போகும். குழாயிலிருந்து பொங்கிய குமிழிகள் அவன் வாய்ப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காமல் மேலே ஓடிவிட்டன. வாய்க்குள் போனது குளத்துத் தண்ணீர்தான். அண்ணன் துள்ளி எழுந்தான். அந்த இடத்தில் கழுத்தளவு ஆழம்தான் என்பதால் தப்பித்தான்.

இருமி முடித்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி இது:

“நீ வாயில வச்சத நான் எப்படி என் வாயில வைக்கிறது?”

கரையில் நின்றிருந்த பல் டாக்டர் லிம், உன் அண்ணன் ஏன் மேலே பார்த்தார், ஜெபம் செய்தாரா என்று என்னிடம் கேட்டார். இல்லை டாக்டர், காற்றை அண்ணாந்து குடிக்கப் பார்த்தார் என்றேன். அவருக்குப் புரியவில்லை. தமிழர் வீட்டில் ஒரு நாளாவது தண்ணீர் குடித்தவருக்குத்தான் அது புரியும்.

பல்லைப் பிடுங்கப் போய்

போன வாரப் பகுதியில் என்னைப் பள்ளிக்கூடத் திடலில் விசிலும் கையுமாக நிறுத்திவிட்டுப் போனீர்கள். திடலில் நின்றவள் குளத்துக்குள் எப்படி விழுந்தாள் என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன்.

எழுபதுகள் முடிகிற சமயம். கெடா மாநிலத்துச் சுங்கைப் பட்டாணியில் ஓர் இடைநிலைப் பள்ளியில் நான் உடற்பயிற்சி ஆசிரியை. சுங்கை லாலாங் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் அப்பா பெரிய கிராணி, அதாவது ஆபீசில் தலைமைக் குமாஸ்தா. தினமும் அங்கிருந்து பஸ் ஏறி டவுனுக்கு வருவேன். கடைவாய்ப் பல் ஒன்று என்னைத் தூங்கவிடாமல் செய்ததால் ஒரு நாள் பள்ளி முடிந்து டாக்டர் லிம்மிடம் போனேன்.

அவருடைய நாற்காலியில் சாய்ந்து வாயைப் பிளந்தால் எதிர்ச் சுவரில் ஒரு படம் தெரியும். நீலத் தண்ணீருக்குள் ஒரு மனிதர், அவரைச் சுற்றி மஞ்சள் மீன்கள். கொஞ்சம் கவனித்துப் பார்த்தால் அந்த மனிதர் டாக்டர் லிம். வலியில் இருப்பவர் பார்த்துக்கொண்டிருக்க நல்ல படம்தான். பல் கழன்று வந்துவிட்டதைக்கூட நான் கவனிக்கவில்லை.

அது என்ன இடம் என்று கேட்க நினைத்தேன். வாய் நிறையப் பஞ்சு. கையால் படத்தைக் காட்டினேன். அவர் உற்சாகமாகிவிட்டார். பாயார் தீவு, குவாலா கெடாவிலிருந்து படகில் போகலாம், நாங்கள் சில பேர் சேர்ந்து ஒரு கிளப் வைத்திருக்கிறோம், உங்களுக்கு நீச்சல் தெரியுமா என்று கேட்டார். தலையை ஆட்டினேன். வர விருப்பமா என்றார். அதற்கும் ஆட்டினேன். வாயில் பஞ்சு இல்லாதிருந்தால் யோசித்து, பயந்து, வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்று சொல்லி, அதோடு முடிந்திருக்கும்.

முக்குளிப்பைக் கற்றுக்கொடுக்கப் பல் டாக்டரைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. நன்றாகக் கடித்துக்கொள், வாயால் மூச்சு விடு, பயப்படாதே, வலித்தால் கையைத் தூக்கு. காலையில் கிளினிக்கில் சொல்வதையே அவர் மாலையில் குளத்திலும் சொன்னார். நான் சீக்கிரம் கற்றுக்கொண்டேன். கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தால் மூக்கால் ஊதி வெளியேற்றுவது, காது வலித்தால் மூக்கைப் பிடித்து ஊதுவது, மேலே வரும்போது மூச்சைப் பிடித்து வைக்காமல் விட்டுக்கொண்டே வருவது, நம்முடைய குமிழிகளில் ஆகச் சின்னதைவிட மெதுவாக ஏறுவது. எதற்கும் நான் அலறவில்லை என்பதில் அவருக்கு ஆச்சரியம். நாற்பது பிள்ளைகளை வெயிலில் வரிசையாக நிற்க வைப்பவளுக்கு இது ஒரு வேலையா என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு நாள் அவர் சொன்னார். கிளப்பில் புதிதாக வருபவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க ஓர் ஆள் வேண்டும். எனக்குப் பொறுமை குறைவு, உனக்கு இருக்கிறது. காற்று மாறிக் கடல் கெடுவதற்கு முன்னால் பாயாரில் கடல் தேர்வை முடித்துவிடு, அந்த வேலை உனக்குத்தான்.

அதற்கு முன்னால் நான் எதையும் அப்படி ஆசைப்பட்டதில்லை. வேலை கிடைத்தபோதும் சரி, முதல் சம்பளத்தில் கைக்கடிகாரம் வாங்கியபோதும் சரி, இந்த அளவுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை. சொல்லிக்கொடுப்பது எனக்குப் பிடிக்கும். அதைத் தண்ணீருக்கு அடியில், யாரும் எதிர்த்துப் பேச முடியாத இடத்தில் செய்யலாம் என்றால் கசக்குமா?

அப்பா ஒரு தட்டுச் சோறு யோசித்தார்

குளத்தில் பழகும் வரை அப்பா ஒன்றும் சொல்லவில்லை. குளம் பக்கத்தில்தான் இருந்தது. எஸ்டேட்டின் வெள்ளைக்கார மானேஜர்கள் தங்களுக்குக் கட்டிக்கொண்ட குளம். அவர்கள் ஊருக்குப் போன பிறகு அதில் யாரும் அவ்வளவாகக் குளிப்பதில்லை. டாக்டர் லிம் யாரிடமோ சொல்லி அனுமதி வாங்கியிருந்தார். எங்கள் ஆட்கள் அதற்கு முன்னால் அந்தக் குளத்துக்குள் இறங்கியதெல்லாம் அதைத் தேய்த்துக் கழுவத்தான். அதில் தன் மகள் நீந்துகிறாள் என்பதில் அப்பாவுக்கு உள்ளூர ஒரு பெருமை. வெளியே காட்டிக்கொள்ள மாட்டார்.

கடல் என்றதும் கதை மாறியது. யார் யார் வருகிறார்கள் என்றார். சொன்னேன். டாக்டர், டவுனில் ஒரு கடைக்காரர், ஜித்ராவிலிருந்து இரண்டு வாத்தியார்கள். எல்லாரும் ஆண்கள். அப்பா முகம் மாறவில்லை. அண்ணனைக் கூட்டிக்கொண்டு போ என்று மட்டும் சொன்னார். எனக்குச் சந்தோஷம். அண்ணன் படகில் உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருப்பான், நான் என் வேலையைப் பார்ப்பேன்.

கெடுத்தவன் அண்ணன்தான். அன்றிரவு சாப்பாட்டில் வெகுளியாக ஒரு சந்தேகம் கேட்டான். படகில் இருந்து பார்த்தால் உள்ளே இருப்பவர்கள் தெரிவார்களா? தெரியாது என்றேன். எவ்வளவு நேரம் உள்ளே இருப்பீர்கள்? அரை மணி நேரத்துக்கு மேலேகூட இருப்போம் என்றேன்.

அப்பா ஒரு தட்டுச் சோறு முடியும் வரை யோசித்தார். பிறகு மோர் ஊற்றிக்கொண்டே சொன்னார்:

“அப்ப அவனும் உள்ள எறங்கட்டும்.”

கல்யாண வீட்டுக்கு, தேர்த்திருவிழாவுக்கு, பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தைக்கு எல்லாம் தங்கையோடு துணைக்குப் போன அண்ணன்மார்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். கடலுக்கு அடியில் துணைக்கு அனுப்பப்பட்ட அண்ணன், எனக்குத் தெரிந்து, கெடாவிலேயே என் அண்ணன் ஒருவன்தான்.

டாக்டர் லிம்மிடம் போய் அழாத குறையாகச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, நல்லதாகப் போயிற்று, உன் அண்ணன்தான் உன்னுடைய முதல் மாணவன் என்றார். அவனை நீ தயார் செய், நான் கரையில் நின்று பார்க்கிறேன். அவன் தேறினால் நீயும் தேறினாய்.

ஆக, என் கடல் ஆசை முழுவதும் இப்போது அண்ணன் கையில். இன்னும் சரியாகச் சொன்னால், அண்ணன் வாயில்.

ஆரோக்கியம் என்கிற என் மாணவன்

அண்ணன் பெயர் ஆரோக்கியசாமி. என்னைவிட இரண்டு வயதுதான் மூத்தவன் என்பதால் அண்ணே என்று கூப்பிட்டாலும் வா போ என்றுதான் பேச்சு. எஸ்டேட் ரப்பர் பேக்டரியில் வேலை. ஆள் மலை மாதிரி இருப்பான். பாம்பைக் கையால் பிடித்து அப்பால் விடுவான். எஸ்டேட் கபடிக் கோஷ்டியில் அவன் பாடிக்கொண்டு வந்தால் சிடாம் கிரி எஸ்டேட் ஆட்கள் கோட்டைவிட்டே ஓடுவார்கள்.

முதலில் தகராறு செய்தது அவன் மீசை. கண்ணாடியின் ரப்பர் விளிம்பு முகத்தோடு ஒட்டி உட்கார வேண்டும். அண்ணன் மீசை அந்த விளிம்புக்கு அடியில் புகுந்துகொண்டு தண்ணீருக்கு வழி விட்டது. எடுத்துவிடு என்றேன். கண்ணாடியையா என்று கேட்டான். மீசையை என்றதும் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. கடைசியில் வாசலின் தடவி ஒரு மாதிரி சமாளித்தோம். வெயிலில் அவன் மீசை மினுமினுவென்று திருவிழாவுக்குப் போகிறவன் மாதிரி இருந்தது.

மீசையை வென்றேன். எச்சிலைத்தான் வெல்ல முடியவில்லை.

எச்சில் விஷயத்தில் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் கொஞ்சம் கூச்சம் உண்டு. அண்ணனுக்கு அது ஒரு வேதம். அவனுடைய தண்ணீர் மங்கு தனி ஆணியில் தொங்கும். அதையும் உதட்டில் வைக்க மாட்டான். யாராவது கடித்துக் கொடுத்த மாங்காயைச் சின்ன வயதில்கூட வாங்கியதில்லை. கோயில் பூசையில் நாக்கில் நன்மை அப்பம் வாங்கும்போது சாமியார் விரல் பட்டுவிடக் கூடாது என்று நாக்கை அவ்வளவு தூரம் நீட்டுவான். பங்குச் சாமியார் ஒரு முறை, உன் நாக்கை நான் சோதிக்கவில்லை தம்பி, உள்ளே போடு என்று மெதுவாகச் சொன்னாராம்.

இப்போது கடலுக்குப் போகிற பிள்ளைகள் ஆளுக்கு ஒரு உபரிக் குழாயோடு இறங்குகிறார்கள். கூட வருகிறவருக்குக் காற்று தீர்ந்தால் அதை எடுத்துக் கொடுத்துவிடலாம். அன்றைக்கு எங்களிடம் சிலிண்டருக்கு ஒரே ஒரு வாய்க்குழாய்தான். ஒருவருக்குக் காற்று நின்றுபோனால் மற்றவருடைய குழாயையே இருவரும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு மேலே வர வேண்டும். இரண்டு மூச்சு எனக்கு, இரண்டு மூச்சு உனக்கு. குழாய் கையை விட்டுப் போயிருக்கும் நேரத்தில் மூச்சைப் பிடித்து வைக்கக் கூடாது. ம்ம்ம் என்று முனகிச் சின்னச் சின்னக் குமிழிகளாக விட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அடக்கி வைத்தால் மேலே ஏற ஏற நெஞ்சுக்குள் காற்று உப்பி, நுரையீரல் கிழிந்துவிடும். இந்தப் பாடத்தில் தேறாதவரை டாக்டர் லிம் படகில் ஏற்ற மாட்டார்.

அண்ணாந்து பார்த்துத் தோற்ற அண்ணன், அடுத்த நாள் வேறு யோசனையோடு வந்தான். காற்று மேலேதானே போகிறது, அப்படியானால் குழாயைத் தாடைக்குக் கீழே பிடித்துத் தலையைக் கவிழ்த்துக் குடித்தால் என்ன? செய்தும் காட்டினான். உதடு படாமல், கீழேயிருந்து பொங்கி வந்த குமிழிகளில் பாதியை வாயால் பிடித்துவிட்டான். எழுந்து நின்று என்னைப் பார்த்த பார்வையில் அவ்வளவு வெற்றி. டாக்டர் லிம் கை தட்டினார். பிறகு, இவர் இப்படிக் குடித்தால் ஒரு சிலிண்டர் காற்று இரண்டு பேரையும் பாதி வழிக்குத்தான் கொண்டுவரும், மீதி வழிக்கு என்ன செய்வார் என்று கேட்டார்.

நானும் வாதாடிப் பார்த்தேன். குழாய் என் வாயிலிருந்து உன் வாய்க்கு வருவதற்குள் தண்ணீரில் நன்றாகக் கழுவித்தானே வருகிறது என்றேன். அதை ஏற்றுக்கொள்கிற மாதிரிதான் இருந்தான். அதோடு நிறுத்தியிருக்கலாம். இந்தக் குளத்துத் தண்ணீரும் எல்லார் வாயிலும் போய் வந்ததுதானே என்று சேர்த்துச் சொல்லிவிட்டேன். அண்ணன் தண்ணீரை ஒரு முறை பார்த்தான். படியேறிப் போய்விட்டான். அந்த வாரம் முழுவதும் குளத்துப் பக்கம் வரவில்லை.

ஒரு போத்தல், ஒரு குழாய்

தண்ணீருக்குள் நடக்காததைத் தரையில் நடத்திப் பார்க்கலாம் என்று தோன்றியது. சனிக்கிழமை அண்ணனை டவுனுக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஒரு சீனர் காப்பிக் கடையில் ஆரஞ்சுப் போத்தல் ஒன்று வாங்கினேன். அதில் உறிஞ்சுகுழல் ஒன்று. எதிரும் புதிருமாக உட்கார்ந்தோம். நான் இரண்டு இழுப்பு இழுத்துவிட்டுப் போத்தலை அவன் பக்கம் தள்ளினேன்.

முதலில் கைக்குட்டையால் குழலைத் துடைத்தான். அடுத்த சுற்றில் சட்டை நுனியால். அதற்கடுத்த போத்தலில் விரலால் ஒரு தட்டு தட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு இழுத்தான். நான் ஆசிரியை அல்லவா, அவசரப்படுத்தவில்லை. இரண்டு இழுப்பு, தள்ளு. இரண்டு இழுப்பு, தள்ளு. கடை முதலாளியான தவுக்கே எங்களையே பார்த்துக்கொண்டிருந்தவர், பாவம் என்று நினைத்தாரோ என்னவோ, இன்னோர் உறிஞ்சுகுழலைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனார். அண்ணன் அதை ஏக்கத்தோடு பார்த்தான். நான் எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

வயிறு உப்பி, இனி முடியாது என்கிற நிலையில் அவன் துடைக்காமல், தட்டாமல், கண் திறந்தபடியே இழுத்தான். எனக்கு எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது. டவுன் கடை என்பதால் அடக்கிக்கொண்டேன்.

ஆடியிருந்தாலும் ஒன்றும் குறைந்திருக்காது. நாங்கள் பஸ் பிடித்து வீடு சேர்வதற்குள் செய்தி சேர்ந்துவிட்டது. கிராணி மகள் டவுனில் பட்டப்பகலில் ஒரு தடியனோடு உட்கார்ந்து ஒரே குழலில் ஆரஞ்சு குடிக்கிறாள். பார்த்தவர் அண்ணனை முதுகுப் பக்கமிருந்து பார்த்திருக்கிறார். அப்பா வாசலில் நின்றிருந்தார். அவர் கை கட்டி நின்றால் நல்லதுக்கு இல்லை.

“யாரும்மா அந்தத் தடியன்?” என்றார். குரல் உயரவில்லை, அதுதான் பயம்.

எனக்குப் பின்னால் படியேறி வந்த அண்ணன் ஒரு ஏப்பம் விட்டான்.

“நாந்தான்பா.”

அம்மா சமையலறைக்குள் போய் வெகு நேரம் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. உள்ளே போய் ரேடியோவைக் கொஞ்சம் சத்தமாக வைத்தார்.

அடுத்த வாரம் குளத்தில் அண்ணன் குழாயை வாங்கி வாயில் வைத்தான், இரண்டு மூச்சு இழுத்தான், கொடுத்தான். விளக்கெண்ணெய் குடித்த முகம்தான், ஆனாலும் வைத்தான். டாக்டர் லிம் கரையிலிருந்தே கட்டைவிரலையும் ஆட்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்துக் காட்டினார். எல்லாம் சரி என்று அதற்கு அர்த்தம். படகுக்கு நாள் குறித்தோம்.

பாயார்

குவாலா கெடாவில் படகு ஏறும்போது கருவாட்டு வாடை கூடவே வந்தது. படகோட்டி பாக் டின் என்கிற மலாய்க்காரர். அண்ணனின் உடம்பைப் பார்த்துவிட்டு, இந்த அபாங்கை, அதாவது அண்ணனை, நடுவில் உட்கார வையுங்கள், ஓரத்தில் உட்கார்ந்தால் நாம் எல்லோருமே தேர்வு எழுத வேண்டியிருக்கும் என்றார்.

தீவுக்குப் பக்கத்தில் நங்கூரம் போட்டோம். இறங்குவதற்கு முன்னால் அண்ணனைத் தலை முதல் கால் வரை நானே சோதித்தேன். அந்தக் காலத்துச் சிலிண்டர்களின் பக்கவாட்டில் ஒரு கம்பி இருக்கும். அது மேலே இருக்க வேண்டும். உள்ளே காற்று குறைந்து, இழுப்பது கடினமானால் கம்பியைக் கீழே இழுக்க வேண்டும். மேலே வந்து சேரும் அளவுக்குக் கொஞ்சம் காற்று அதற்குப் பிறகு கிடைக்கும். அண்ணனின் கம்பி மேலேதான் இருந்தது. டாக்டர் லிம்மும் பார்த்தார்.

அண்ணன் படகு விளிம்பில் உட்கார்ந்து, கண்ணாடியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, பின்பக்கமாக விழுந்தான். அவன் இறங்கிய வேகத்தில் படகு ஆடி, பாக் டின் ஏதோ முணுமுணுத்தார். விழும்போது அந்தக் கம்பி படகின் விளிம்பில் மாட்டிக் கீழே இறங்கியிருக்கிறது. அது யாருக்கும் தெரியவில்லை.

அரைத் தென்னை மர ஆழத்தில் வெள்ளை மணல். டாக்டர் லிம் எதிரே முழங்காலிட்டார். நாங்கள் செய்துகாட்டினோம். இரண்டு மூச்சு, கொடு. இரண்டு மூச்சு, வாங்கு. அண்ணன் ஒரு பிசகும் செய்யவில்லை. டாக்டர் விரல் வளையத்தைக் காட்டிவிட்டு, நங்கூரக் கயிற்றுக்குப் பக்கத்திலேயே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருங்கள் என்று சைகை செய்துவிட்டு, ஜித்ரா வாத்தியார்களைப் பார்க்கப் போனார்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. தேறிவிட்டேன். அண்ணனும் அதே சந்தோஷத்தில் இருந்தான். வந்த வேலை முடிந்தது என்று மீன்களைத் துரத்தினான். மஞ்சள் கோடு போட்ட மீன் கூட்டம் ஒன்று அவனைச் சுற்றிக்கொண்டு நின்றது. அதைக் கபடிக் கோட்டில் மடக்குவதுபோல இரண்டு கையையும் விரித்துக்கொண்டு போனான். அவன் விட்ட குமிழிகளைப் பார்த்தால் கொதிக்கிற அண்டா நினைவுக்கு வரும். இரண்டு ஆள் காற்றை ஒருவனாகக் குடித்துக்கொண்டிருந்தான்.

திடீரென்று நின்றான். கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவினான். கம்பியை இழுக்கிறான் என்று புரிந்தது. இழுத்தான், மறுபடியும் இழுத்தான். கம்பி ஏற்கெனவே கீழே இருந்தது; மிச்சம் வைத்திருந்த காற்றும் அவனுக்குத் தெரியாமலே தீர்ந்திருந்தது. என் பக்கம் திரும்பினான். நான் சொல்லிக்கொடுத்தபடியே கையைக் கழுத்துக்குக் குறுக்கே வைத்து அறுப்பதுபோலக் காட்டினான். காற்று இல்லை.

டாக்டர் லிம் எங்களிடம் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். காற்று இல்லாதவன் உன் அண்ணனாக இருந்தாலும் சரி, அப்பாவாக இருந்தாலும் சரி, குழாயைப் பிடுங்கினால் திருப்பித் தர மாட்டான். அவன் கெட்டவன் என்பதால் அல்ல, அவனுடைய உடம்பு அவன் பேச்சைக் கேட்காது. பிடுங்கத் தயாராக இரு. என் அண்ணனிடமிருந்து நான் பிடுங்குவதா? அவனுடைய ஒரு கை என் இடுப்பளவு இருக்கும்.

நான் பயந்தேன். அதை இங்கே மறைக்க ஒன்றுமில்லை. ஒரு மூச்சு இழுத்து, அவனுடைய தோள் வாரைப் பிடித்துக்கொண்டு, குழாயை எடுத்துக் கொடுத்தேன்.

வாயில் வைத்தான். இழுத்தான். இன்னொரு முறை இழுத்தான். நான் ம்ம்ம் என்று முனகிக் குமிழி விட்டுக்கொண்டிருந்தேன். கண்ணாடிக்குள் அவன் கண்கள் பெரிதாக இருந்தன. எங்கே பார்க்கின்றன என்று எனக்குத் தெரியவில்லை. அவன் கை குழாயை இறுக்கிப் பிடித்திருந்தது. என் நெஞ்சில் காற்று குறைந்துகொண்டே வந்தது.

பிறகு அந்தக் கை என் பக்கம் வந்தது. குழாயை என் வாய்க்கே கொண்டுவந்து வைத்தான்.

அதற்கு மேல் எங்களுக்குத் தெரிந்த பாடம்தான். இரண்டு மூச்சு, கொடு. அவன் வாரை நானும் என் வாரை அவனும் பிடித்துக்கொண்டு, ஆகச் சின்னக் குமிழியை முந்தாமல் மெதுவாக ஏறினோம். ஒவ்வொரு முறையும் அவன் திருப்பிக் கொடுத்தான். நெஞ்சு காலியாக, தலைக்கு மேலே அவ்வளவு தண்ணீர் இருக்க, அதைக் கொடுத்தான். என் அண்ணன்மேல் எனக்குப் பிரியம் உண்டு என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு என்று அங்கேதான் தெரிந்தது.

மேலே வந்ததும் பாக் டின் அவனைப் பிடித்து இழுத்துப் போட்டார். குடித்த உப்புத் தண்ணீரையெல்லாம் அவருடைய காலில் வாந்தியெடுத்தான். டாக்டர் லிம் வந்து கம்பியைப் பார்த்தார், படகு விளிம்பைப் பார்த்தார், பிறகு எங்கள் இருவரையும் பார்த்தார். அடுத்த முறையிலிருந்து நீதான் சொல்லிக்கொடுக்கிறாய் என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

அன்றைய சாப்பாடு

டாக்டர் சொன்னது நான் கேட்க ஆசைப்பட்ட வார்த்தை. ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை. நடந்தது அப்பாவுக்குத் தெரிந்தால் அடுத்த முறை என்பதே கிடையாது. டாக்டர் ஓட்டிய காடியில் வீடு திரும்பும் வழியெல்லாம் அண்ணனின் முகத்தைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அப்பாவிடம் சொல்லாதே என்று மெல்லக் கேட்டேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

சாப்பாட்டில் அப்பா கேட்டார். கடல் எப்படி இருந்தது, தங்கச்சியைப் பார்த்துக்கொண்டாயா?

அண்ணன் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னான். கம்பி மாட்டியது, காற்று நின்றது, நான் குழாயை எடுத்துக் கொடுத்தது, ஒன்றையும் விடவில்லை. அம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். நான் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லாம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

“நான் எங்கப்பா அவள பாத்துக்கிட்டேன்? அவதான் என்னைய பாத்துக்கிட்டா,” என்றான் அண்ணன். “நான் கூட போனதாலதான் இன்னிக்கி அவ உயிருக்கு ஆபத்தே வந்திச்சு. இனிமே என்னைய அனுப்பாதீங்க. அவ போகட்டும்.”

அப்பா எழுந்து கை கழுவப் போனார். குழாயடியில் தண்ணீர் வெகு நேரம் ஓடியது. துண்டில் கையைத் துடைத்தபடி திரும்பி வந்தவர், மறுபடியும் எப்போது போக வேண்டும் என்று என்னைக் கேட்டார். வருகிற சனிக்கிழமை, புதிதாக இரண்டு பேருக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றேன்.

“வரும்போது குவாலா கெடாவுல நல்ல கருவாடா பாத்து வாங்கிட்டு வா.”

யாரோடு போகிறாய் என்ற கேள்விக்காகத் தட்டின் முன்னால் காத்திருந்தேன். அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ரேடியோவைத் திருகப் போய்விட்டார்.